விழாத கோடு

செய்தி வந்தது காலைத் தேநீர் நேரத்தில். களனியில் ஆற்றுப்பக்கம் இருக்கும் அந்தத் தையல் தொழிற்சாலையில் மற்ற எந்த நேரத்தில் வந்திருந்தாலும் அதை யாருக்கும் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். மெஷின்கள் ஓய்ந்திருந்ததால் அலுவலகத்துப் பெண் ஆறாம் வரிசைவரை நடந்து வந்து மெல்லிய குரலிலேயே சொன்னாள். தில்லைநாதன் சேர் வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டதாம். கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரெயில் வந்தபோது எழும்பவில்லை. கடலை விற்கிறவர் தோளில் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

வரிசைத் தலைவி பாக்கியலெட்சுமி கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைக்கவில்லை.

"ரெயில் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்திச்சாம் அக்கா. ரெண்டு வந்திச்சாம்."

"அப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு. ஏறணும்னு தோணியிருக்காது."

மணி அடித்தது. எல்லோரும் தைக்கத் தொடங்கினார்கள். கப்பலுக்குப் போகிற சரக்கு யாருக்காகவும் நிற்பதில்லை. கண் நிறைந்து ஊசி தெரியாமல் இருந்த ஒருத்தியின் துணிக் கட்டைப் பக்கத்து மெஷின்காரி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தளத்தில் அது புதிய விஷயமல்ல.

தில்லைநாதனுக்கு வாழ்க்கை முழுவதும் நிமிடங்களோடுதான் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கணிதப் பட்டத்தோடு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விண்ணப்பித்துக் களைத்த நேரத்தில், களனியில் புதிதாகத் திறந்த கார்மென்ட் ஒன்றில் ஸ்டொப்வொட்ச் பிடிக்க ஆள் தேடினார்கள். தைக்கிற பெண்ணின் பின்னால் நின்று, ஒரு கொலரைத் திருப்பித் தைக்க எத்தனை நேரம் எடுக்கிறது என்று அளப்பது வேலை. நூல் அறும் நேரம், களைக்கும் நேரம், தண்ணீர் குடிக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து, இந்த வேலைக்கு இவ்வளவு நிமிடம் என்று நிர்ணயிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்துதான் ஒவ்வொருத்தியின் இலக்கும் பிறக்கும். அதனால் அவர் பின்னால் வந்து நின்றாலே எல்லோருடைய கையும் வேண்டுமென்றே மெதுவாகிவிடும். பூ கட்டுகிற நிதானம் வந்துவிடும்.

அது அவருக்கும் தெரியும். தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. தைக்கிற கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கையில் அவர் எங்கோ போய்விடுவார். நூற்றுக்கணக்கான மெஷின்களின் சத்தம் அவருக்குத் தகரத்தில் விழும் மழையாகிவிடும். துணி ஊசிக்குக் கீழே போவதும் வெளியே வருவதும் ரெயில் யன்னலோரம் வயல் ஓடுவது போல இருக்கும். கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அமத்தி நிறுத்த மறந்துவிடுவார். பெண்கள் அவருக்கு "ரெயில் சேர்" என்று பெயர் வைத்தார்கள்.

அப்படி ஒருநாள் மறந்து நின்றபோதுதான் அவர் அந்தக் கூடையைக் கண்டார். மேசைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி தையல் மிதியிலிருந்து காலை எடுத்து அதை ஒரு தள்ளுத் தள்ளுவாள். அடுத்தவளின் கால் அதை வாங்கி, அதற்கடுத்த காலுக்கு அனுப்பும். மேலே எல்லா முகமும் துணியைப் பார்த்தபடி. கீழே அந்தக் கூடை மட்டும் குளத்துத் தோணி மாதிரிப் போய், வரிசையின் கடைசியில் காய்ச்சலோடு இருந்த ஒரு பெண்ணின் காலடியில் நின்றது. அதற்குள் தைத்து முடித்த கொலர்கள் ஒரு கட்டு இருந்தது. அவள் அதைத் தன் கட்டோடு சேர்த்துக் கொடுத்தாள்.

அப்போது பாக்கியலெட்சுமி இருபதைக் கூடத் தாண்டாத பிள்ளை. பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைத்தான் கேட்டார்.

"அது என்ன பிள்ளை, கீழால போனது?"

"சீட்டு சேர்."

"என்ன சீட்டு?"

"எல்லா ஊர்லயும் பொம்பளைங்க போடுற சீட்டுதான். அங்க சல்லி போடுவாங்க, நாங்க கொலர் போடுறோம். கை நல்லா ஓடுற நாள்ல ஒரு கட்ட ஒதுக்கி வைப்போம். யாருக்கு முடியலையோ அவங்களுக்குப் போகும். இன்னிக்கு அவ, நாளைக்கு நானு." கொஞ்சம் நிறுத்தி அவரைப் பார்த்தாள். "காட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"நான் எங்கயோ யோசிச்சுக்கொண்டு நிண்டனான். ஒண்டும் வடிவாத் தெரியேல்ல."

"அதான் ரெயில் சேர்," என்று அவள் தோழிகளிடம் சொல்ல, சோற்றுப் பார்சல்களுக்கு மேலால் சிரிப்பு எழுந்தது.

அதன்பிறகு அவருக்குத் திருமணம் நடந்தது. வெள்ளவத்தையிலேயே பெரிய வீதிக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. மனைவி அருந்ததி பாடசாலை ஆசிரியை. ஸ்டொப்வொட்ச் போய் வீடியோ வந்தது, வீடியோ போய்க் கணினி வந்தது. இலங்கை ஆடைகளுக்கு வெளிநாடுகள் ஒதுக்கியிருந்த கோட்டா முடிந்த வருடம் எத்தனையோ தொழிற்சாலைகள் மூடப்பட்டன. இது மூடப்படவில்லை. அவர் தினமும் கடலோர ரெயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து வேறு ரெயில் பிடித்து, பாலம் கடந்து களனியில் இறங்கினார். சீட்டு ஆறாம் வரிசையிலிருந்து ஏழுக்கும் எட்டுக்கும் பரவி, முழுத் தளத்துக்கும் ஆனது. அவர் எந்தக் காலத்திலும் எங்கேயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சின்னக் களவு ஒன்றுக்குத் தானும் கூட்டு என்ற எண்ணம் மட்டும் சட்டைப்பையில் கிடக்கும் பழைய டிக்கெட் போல அவரோடு இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. உற்பத்தியாளர் சங்கம் ஒன்று, மேல் மாகாணத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் முப்பது சொச்சம் வருடங்களில் எப்படி வளர்ந்தன என்று ஓர் அறிக்கை போட விரும்பியது. பழைய கணக்குகளை வாசிக்கத் தெரிந்த ஆள் அவர்தான். தொழிற்சாலையிலேயே யன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார்கள்.

அவருக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. எல்லாத் தொழிற்சாலைகளும் எவ்வளவு தைத்தன என்பது ஒரு கோட்டுப்படம். அதை வரைவது சுலபம், கொரோனாவில் மூடிக் கிடந்த மாதங்களில் எல்லாருடைய கோடும் தரையைத் தொட்டது. ஒரு மனுசியின் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு வந்தது என்பது வேறு படம். ஒருவர் சட்டை தைக்கிறார், இன்னொருவர் உள்பனியன் தைக்கிறார், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் அதற்கு நிர்ணயித்த நிமிடங்களாக மாற்றினார். ரத்மலானையும் ஹெந்தளையும் களனியும் சட்டையை விட்டு, பனியனை விட்டு, வெறும் நிமிடங்களாக அவருடைய திரையில் ஓடின. பின்னேரங்களில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வெள்ளவத்தையிலிருந்து தெற்கே பார்க்கையில் தண்டவாளமும் கரையும் அலையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வளைந்து போவது போலவே அவருக்கு இருக்கும்.

"என்னப்பா, இப்பவும் அந்தக் கோட்டோடயே?" என்று அருந்ததி வீட்டில் கேட்பாள். "எங்கயாம் போகுது?"

"மேல போகுது."

"எங்கட லிஃப்ட் மட்டும் கீழயே நிக்குது. அதையும் ஒருக்கா மேல போகச் சொல்லுங்கோ."

எல்லாக் கோடும் மேலேதான் போயின, ஆனால் நேராகப் போகவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு பள்ளம். ஊரடங்கு முடிந்து திறந்தபோது ஒரு பள்ளம். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் பெரிய பள்ளம். மரம் அரியும் வாளின் பற்கள் மாதிரி ஏறி, விழுந்து, ஏறின. களனிக் கோடு மட்டும் விழவில்லை. சில இடங்களில் தட்டையாக நின்று மூச்சு வாங்கியது, பிறகு நடந்தது.

அதை முதலில் கேட்டவர் நபீஸ். கம்பெனியின் மூன்று தொழிற்சாலைகளுக்கும் உற்பத்தித்திறன் பொறுப்பாளர், முப்பத்தைந்து வயது, எதையும் ஓடி ஓடிச் செய்கிறவர்.

"சேர், இது என்ன? எல்லாரும் உழுந்தீக்கிற நேரம் எங்கட களனி மட்டும் உழல்லயே. கணக்குப் பிழையா?"

"பிழை இல்லை. மூண்டு தரம் பார்த்தனான்."

"அப்ப அந்த வித்தையச் செல்லுங்க. எங்கட ஹெந்தள ஃபெக்டரிக்கும் கொண்டு போவம். நீங்க அறிக்கையில எழுதினா டைரக்டர்மாரும் நம்புவாங்க." பிறகு மகிழ்ச்சியாகச் சொன்னார்: "வருசப் பொறப்புக்குப் பொறகு இங்கயும் ஸ்கேனர் வருது சேர். கட்டுக்குக் கட்டு டிக்கெட்டு. முடிச்ச ஒடனே தைச்சவவே அத ஸ்கேனர்ல அடிக்கணும். யார் எவ்வளவு தைச்சதென்டு பெரிய திரையில பேரோட வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஹெந்தளையில போட்டு ஒரு வருசம் ஆகுது."

"சிவப்பு வந்தா?"

"ஒண்டு ரெண்டு மாசம் பாப்பம். பொறகு வேலய விட்டுப் போகச் செல்ற. வேறென்ன செய்ய?"

தில்லைநாதன் கண்ணாடிக்கு அப்பால் தளத்தைப் பார்த்தார். ஆறாம் வரிசையில் நிஷாந்தினி தைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் கொழும்பெங்கும் பரவிய சிக்குன்குன்யா அவளை விட்டுப் போனது, விரல் மூட்டுகளை விட்டுப் போகவில்லை. காலையில் விரல்கள் மடங்காது. தேநீர் நேரம்வரை அவளுடைய கட்டுகள் மேசைக்கு அடியால்தான் வரும். பின்னேரம் அவளைப் போலத் தைக்க அங்கே ஆள் இல்லை. ஸ்கேனர் வந்தால் ஒவ்வொரு கட்டும் தைத்தவளின் பேரிலேயே விழும். ஒவ்வொரு காலையும் திரையில் அவளுடைய பெயர் சிவப்பாக எரியும். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள் அவள்.

சொல்லாவிட்டால் ஸ்கேனர் வரும். சொன்னால் சீட்டு பிடிபடும். இரண்டு பக்கமும் அவளுக்கு வழி இல்லை என்றுதான் முதலில் அவருக்குப் பட்டது.

விடை ரெயிலில் வந்தது. மாளிகாவத்தைச் சுவர்களும் தெமட்டகொடையும் கழிந்து வண்டி களனிப் பாலத்தில் ஏறும்போது ஆறு கலங்கலாக, அகலமாகக் கிடந்தது. ஆற்றுவாழைச் செடிகள் திட்டுத்திட்டாகக் கடலை நோக்கி மிதந்து போயின. ஒன்று போக இன்னொன்று, அது போக வேறொன்று. ஹெந்தளைக் கோட்டின் பற்கள் அவருக்கு நினைவு வந்தன. ஒவ்வொரு பல்லும் ஒரு கூட்டம் பெண்கள். ஒரு காய்ச்சல், ஒரு பிள்ளைப்பேறு, பஸ் இல்லாத ஒரு மாதம், அதோடு போய்விட்டவர்கள். அவர்களின் இடத்துக்கு வந்த புதுக் கைகள் பழக அரை வருடம் எடுக்கும். பழகி முடிகிறபோது அவர்களும் மிதந்து போயிருப்பார்கள். களனியில் அப்படி யாரும் போகவில்லை. அவர்களின் பதினெட்டு வயதில் கண்ட கைகளைத்தான் அவர்களின் ஐம்பது வயதிலும் அவர் கண்டுகொண்டிருக்கிறார். ஒரு கெட்ட காலைப்பொழுது யாரையும் வெளியே தள்ளாததால் யாரும் போகவில்லை. யாரும் போகாததால் கோடு விழவில்லை. இத்தனை காலம் களவு என்று அவர் மூடி வைத்திருந்ததுதான் அந்தக் கோட்டைத் தாங்கி நின்றிருக்கிறது.

கூடைகள் தோணிகளாகி அவர் கண்முன் மிதந்துகொண்டிருந்தபோது களனி ஸ்டேஷன் வந்து போயிற்று. அவர் அடுத்த ஸ்டேஷனான வனவாசலையில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தார். சேர்ட் நனைந்திருந்தது, முகம் மட்டும் தெளிந்திருந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பாக்கியலெட்சுமியின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"பாக்கியம், சீட்டைப் பற்றி எழுதப் போறன்."

அவள் பருப்பைப் பிசைவதை நிறுத்தினாள். "இம்புட்டு வருசமா ஊமையா இருந்துட்டு, இப்ப பென்சன் எடுத்த பொறகா வாய் வந்துச்சு?"

"நல்லதாத்தான் எழுதுவன். அதாலதான் இந்த ஃபெக்டரி நிக்குது எண்டு. கணக்கு இருக்கு."

"உங்க கணக்கு எனக்குத் தெரியாது சேர். அந்த ஆபீஸ்காரனுங்கள எனக்குத் தெரியும். நல்லதுன்னு எழுதினீங்கன்னா நாளைக்கே அதுக்கொரு ஃபோம் அடிப்பானுங்க. யாரு குடுத்தா, யாரு வாங்கினா, எதுக்கு வாங்கினான்னு கையெழுத்து கேப்பானுங்க. அப்பறம் அது சீட்டா? கடன்."

பக்கத்திலிருந்த நிஷாந்தினி தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "எனக்காக ஒண்டும் எழுத வேணாம் சேர். நான் போயிருவன்."

"நீ எங்கடி போவ? சும்மா இரு, சோத்தத் தின்னு." பாக்கியலெட்சுமி மறுபடி அவரைப் பார்த்தாள். குரல் தணிந்திருந்தது. "எழுதாட்டி அந்த ஸ்கேன் மிஷினு வந்துருமா?"

"ஓம்."

"அப்ப எழுதுங்க. ஆனா சீட்டுன்னு எழுதாதீங்க, கூடைன்னு எழுதாதீங்க. எங்க யாரு பேரும் வரக் கூடாது. வாசிச்சா வெளங்கணும், ஆனா புடிக்க ஒண்ணும் இருக்கக் கூடாது. முடியுமா?"

"பார்ப்பம்."

"நீங்க படிச்சவங்க. தண்ணியில எழுதுற மாதிரி எழுதுங்க," என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அவர் நபீஸிடம் போனார். களனி ஏன் விழவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை அடிக்குறிப்பாக எழுதித் தருகிறேன் என்றார். ஸ்கேனர் அந்தக் காரணத்தையே குலைத்துவிடக்கூடும், அதனால் குறிப்பை வாசித்து முடிவெடுக்கும்வரை இங்கே அதைப் பூட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நபீஸ் நெற்றியைச் சொறிந்தார்.

"என்ன காரணம் சேர்? இப்பவே செல்லுங்களேன்."

"எழுதித்தான் சொல்லலாம். வாயால சொன்னாப் பிழையாப் போயிடும்."

நபீஸுக்கு அவர் மேல் மரியாதை இருந்தது. அதைவிட, விழாத அந்தக் கோட்டைக் கெடுத்த ஆளாகத் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. "சரி. ஒங்கட குறிப்பு வந்த பொறகு பாப்பம்," என்றார். டைரக்டர்மாருக்கும் அப்படியே எழுதி அனுப்பினார்.

அதன்பிறகு தில்லைநாதன் நாள்தோறும் சொற்களோடு ரெயிலில் வந்தார், சொற்களோடு போனார். "ஊழியரிடையே நிலவும் பரஸ்பர ஒத்தாசை" என்று எழுதினார். இது என்னவென்று யாரும் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்று அழித்தார். "கெட்ட நாள்களின் சுமை பகிரப்படுவதால்" என்று எழுதினார். எப்படிப் பகிர்கிறார்கள் என்று நபீஸ் அடுத்த நொடியே தளத்துக்கு ஓடுவார், அதனால் அதையும் அழித்தார். யன்னலோர மேசையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மெஷின்களின் மழையைக் கேட்டபடி இருப்பார். நிஷாந்தினி போகிற வழியில் அவருக்கு ஒரு பிளேன்டீ வைத்துவிட்டுப் போவாள். "எழுதியாச்சா சேர்?" என்று தூரத்திலிருந்தே பாக்கியலெட்சுமி கையால் கேட்பாள். அவர் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டல் ஆமா இல்லையா என்று அவளுக்கு எப்போதும் விளங்கியதில்லை.

ஒருநாள் மாலை கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடக்கையில் அருந்ததி கேட்டாள்: "ஒரு வசனம் எழுத இவ்வளவு நாளோ?"

"சின்ன வசனமா இருக்கோணும். அதுக்குள்ள அவையள் எல்லாரும் இருக்கோணும். ஆனா ஒருத்தரும் தெரியக் கூடாது."

"அப்பிடி ஒரு வசனம் இருக்கோ?"

"கிட்ட வந்திட்டுது போல இருக்கு," என்றார். அலை வந்து கல்லில் மோதித் திரும்பியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முன்னால் நடந்து போய், பிறகு திரும்பி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

செத்தவீட்டுக்கு நபீஸும் வந்தார், ஆறாம் வரிசைப் பெண்களும் வந்தார்கள். பொரளைக் கனத்தை மயானத்தில் பெண்கள் உள்ளே போகாமல் வெளி மதிலோரம் நின்றார்கள். நபீஸ் அவர்களிடம் வந்து, சேர் அந்தக் குறிப்பைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பாக்கியலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எங்களுக்கு என்னாங்க தெரியும் மாத்தயா? அவரு படிச்ச மனுசன்."

அறிக்கை இந்த மாதம் அச்சாகி வந்தது. ஸ்கேனர்களைப் பற்றி டைரக்டர்மார் கேட்கும்போதெல்லாம் நபீஸ் குறிப்பைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். களனித் தளத்தில் அவை இன்னும் பூட்டப்படவில்லை. நிஷாந்தினி வேலைக்குப் போய் வருகிறாள். அறிக்கையில் அந்தக் கோடுகள் வரும் பக்கத்தில், களனிக் கோடு தட்டையாக நிற்கும் இடத்துக்கு மேலே தில்லைநாதன் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார். பக்கத்தின் அடியில், இன்னொரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஒன்றும் எழுதப்படவில்லை.